மினி டிராக்டர் பேக்ஹோ: தோண்டுவது சுலபம், கழற்றுவதுதான் பாடு

தென்னந்தோப்பில் குழி தோண்ட, மினி டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் பேக்ஹோ வாங்கி ஒரு வருடம் ஆகிறது. தோண்டுவதில் குறையே இல்லை. கழற்றுவது பத்து நிமிட வேலை என்றார் விற்றவர், எனக்கு முதல் தடவை அரை நாள் போனது. பக்கெட்டையும் இரண்டு பக்கக் கால்களையும் தரையில் ஊன்றி, பேக்ஹோவை டிராக்டரோடு பிணைக்கும் இரும்புப் பின்னில் (pin) பாரம் விழாதபடி லிவரைத் துளித்துளியாக அசைத்தால்தான் பின் உருவ வரும். நான் சுத்தியலால் அடித்து ஒன்றை வளைத்தே விட்டேன். என்ஜினை அணைத்ததும் லிவர்களை எல்லாப் பக்கமும் ஆட்டி, உள்ளே இருக்கும் ஹைட்ராலிக் எண்ணெயின் அழுத்தத்தை இறக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் வெயிலில் கிடந்த ஹோஸ் (எண்ணெய்க் குழாய்) திரும்ப மாட்டவே மாட்டாது. அப்புறம், என் வண்டியில் டிராக்டர் பக்கத்து ஹோஸ் இரண்டையும் ஒன்றோடொன்று கோக்காமல் ஸ்டார்ட் செய்தால் பம்ப் காலி! இது கையேட்டில் பொடி எழுத்தில் இருக்கிறது. சிமென்ட் தரை இருந்தால் தாராளமாக வாங்கலாம். மண் தரையில் பேக்ஹோவின் கால் புதைந்து, திரும்ப மாட்டும்போது பின் நுழையும் துளைகள் நேர் வராது.