பள்ளிக்கூடத்தில் சாப்ளின்: ஆஸ்திரேலியா, டெக்சாஸ், பிரான்சு

வேலூர் சி.எம்.சி.க்குப் போய் வந்தவர்களுக்குச் 'சாப்ளின்' என்ற சொல் தெரிந்திருக்கும். (சார்லி சாப்ளினுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) நோயாளியின் கட்டிலருகே உட்கார்ந்து ஆறுதல் சொல்லி, கேட்டால் ஜெபமும் செய்துவிட்டுப் போகிறவர். அது மிஷன் ஆஸ்பத்திரி, அவர் அங்கே இருப்பது இயல்பு. அதே ஆள் மதச்சார்பற்ற அரசுப் பள்ளியில் வந்து உட்கார்ந்தால்? ஆஸ்திரேலியா, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம், பிரான்சு மூன்றும் மூன்று விதமாக இதைக் கையாள்கின்றன. மூன்றில் எது நேர்மையானது என்று கேட்டால், என் ஓட்டு யாரும் எதிர்பார்க்காத இடத்துக்குப் போகிறது.

முதலில் ஆஸ்திரேலியா. 2006இல் பிரதமர் ஜான் ஹோவர்ட் அறிவித்த திட்டம். விரும்புகிற பள்ளிக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் வரை மத்திய அரசு தரும், பள்ளி ஒரு சாப்ளினை வைத்துக்கொள்ளலாம். முழுநேரச் சம்பளத்துக்கு அந்தப் பணம் காணாது. அதனால் பல இடங்களில் அவர் வாரத்தில் இரண்டு மூன்று நாள்தான் வருவார். முக்கியமான நிபந்தனை, மதம் பரப்பக் கூடாது. ஆனால் ஆளை அனுப்புவது பெரும்பாலும் கிறிஸ்தவ அமைப்புகள்தான். சமையல்காரரைத் தேடிப் பிடித்து வேலைக்கு வைத்துவிட்டு, அடுப்பைத் தொடாதே என்கிற கதை.

அப்படியானால் அவர் என்னதான் செய்கிறார்? பல பள்ளிகளில் காலைச் சாப்பாட்டுக் கிளப் அவர் பொறுப்பு. மணி அடிப்பதற்கு முன்பே டோஸ்டர் சூடாகிவிடும். வெஜிமைட் தடவிய ரொட்டி, ஒரு கோப்பை மைலோ. ராத்திரி வீட்டில் நடந்த சண்டையை ஒரு பிள்ளை சொல்வதென்றால் இங்கேதான் சொல்லும், ரொட்டியை மென்றுகொண்டே, முகத்தைப் பார்க்காமல். ரொட்டி சுட மதம் எதற்கு என்று கேட்பவர்கள் கேட்பது சரிதான். ஆனால் அந்த நேரத்துக்கு வந்து டோஸ்டர் பக்கத்தில் நிற்க அந்தப் பள்ளிக்கு வேறு ஆள் இல்லை என்பதும் உண்மை.

குவீன்ஸ்லாந்தின் டுவூம்பா நகரைச் சேர்ந்த ரான் வில்லியம்ஸ் என்ற தந்தை இதை எதிர்த்து நாட்டின் உயர் நீதிமன்றம் (அங்கே அதுதான் உச்ச நீதிமன்றம்) வரை போனார். 2012இல் ஜெயித்தார். ஆனால் அவர் ஜெயித்தது மதக் கேள்வியில் இல்லை. அரசுப் பதவிக்கு மதத் தகுதி வைக்கக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 116ஆம் பிரிவு. சாப்ளின் வகிப்பது மத்திய அரசின் பதவியே அல்ல என்று சொல்லி நீதிபதிகள் அந்த வாதத்தை ஒதுக்கிவிட்டார்கள். நாடாளுமன்றத்தின் சட்டம் இல்லாமல் இப்படிச் செலவு செய்ய அதிகாரம் இல்லை என்பதுதான் தீர்ப்பு. சில நாளிலேயே அவசரமாக ஒரு சட்டம் வந்தது. 2014இல் அதுவும் இந்தத் திட்டத்துக்குச் செல்லாது என்றாகி, வில்லியம்ஸ் மறுபடி ஜெயித்தார். மத்திய அரசு அந்தப் பணத்தை மாநிலங்கள் வழியாகக் கொடுக்கத் தொடங்கியது. இரண்டு முறை தோற்றும் திட்டம் நின்றுபோகவில்லை!

இதற்கிடையே நடந்ததுதான் உண்மையான போட்டி: சாப்ளினா, மதச் சார்பில்லாத நலப் பணியாளரா? ஜூலியா கில்லார்டின் லேபர் அரசு பள்ளிகளுக்கு இரண்டாவது வழியையும் திறந்தது. 2014இல் டோனி அபாட் அரசு அதை மூடியது. 2023இலிருந்து ஆல்பனீசி அரசு மறுபடி திறந்திருக்கிறது. தகுதியைப் பொறுத்தவரை இருவருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. நான்காம் நிலைத் தொழிற்பயிற்சிச் சான்றிதழ் போதும், பட்டம்கூட வேண்டாம். மதத்தைப் பற்றியே சண்டை போட்டவர்கள் இந்தப் பக்கம் அதிகம் திரும்பவில்லை. தற்கொலை எண்ணம் இருக்கிற பிள்ளைக்கு இந்த இருவருமே போதாது.

டெக்சாஸில் அந்தச் சான்றிதழும் தேவையில்லை. 2023இல் ஆளுநர் கிரெக் அபாட் கையெழுத்திட்ட சட்டப்படி, அரசுப் பள்ளிகள் சாப்ளினைச் சம்பளத்துக்கோ தன்னார்வலராகவோ வைத்துக்கொள்ளலாம். குற்றப் பின்னணிச் சோதனை உண்டு, ஆனால் கல்வித் துறைச் சான்றிதழ் வேண்டியதில்லை. பள்ளிப் பாதுகாப்புக்கென்று ஒதுக்கிய பணத்தையே இதற்குச் செலவழிக்கலாம். அதே மாநிலத்தில் பள்ளி ஆலோசகராக வேண்டுமென்றால் முதுகலைப் பட்டம் கேட்பார்கள். ஆஸ்திரேலியாவில் உள்ளது போல மதம் பரப்பக் கூடாது என்ற வரியும் சட்டத்தில் இல்லை. எதிர்ப்பு வந்த இடம்தான் வேடிக்கை: நூற்றுக்கும் மேற்பட்ட சாப்ளின்களே சேர்ந்து, இது வேண்டாம் என்று கடிதம் எழுதினார்கள். ஆஸ்பத்திரியிலும் ராணுவத்திலும் வேலை பார்க்க முறையான பயிற்சி எடுத்தவர்களுக்கு, பயிற்சியே இல்லாத ஆளுக்கும் அதே பெயர் என்றால் கோபம் வராதா? 2024 மார்ச் 1க்குள் ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) வாக்கெடுப்பு நடத்த வேண்டியிருந்தது. பெரிய மாவட்டங்கள் பலவும் வேண்டாம் என்றே முடிவெடுத்தன.

இனி பிரான்சு. அங்கே அரசுப் பள்ளியில் மாணவி முக்காடு போட்டு வகுப்புக்குள் வர முடியாது, 2004இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். ஆனால் மதத்தையும் அரசையும் பிரித்த அதே 1905 சட்டம், பள்ளி, ஆஸ்பத்திரி, சிறை ஆகியவற்றில் மதப் பணியாளர் சேவையை விதிவிலக்காக விட்டுவைத்தது. நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளில் பெற்றோர் கேட்டால் 'ஒமோனெரி' என்னும் அந்தச் சேவையை அமைக்கலாம். மதத் தலைமை பெயரைச் சொல்லும், கல்வி அதிகாரி அனுமதிப்பார். பாடவேளைக்கு வெளியே நடக்கும், விரும்பிய பிள்ளைகள் மட்டும் போவார்கள், செலவு குடும்பங்களுடையது.

என் ஓட்டு இதற்குத்தான். இங்கே பாதிரியார் பாதிரியாராகவே வருகிறார். ஆலோசகர் வேடம் போட வேண்டியதில்லை, வாயைக் கட்டிக்கொள்ளவும் வேண்டியதில்லை. குறையும் உண்டு. பெயர் கொடுக்காத பிள்ளைக்கு அந்த அறையில் இடமில்லை, ரொட்டி சுட்டுத் தர அங்கே யாரும் காத்திருக்கவில்லை. அந்த வேலைக்குச் சரியான சம்பளத்தில் பயிற்சி பெற்ற ஆலோசகரைத் தனியாகப் போட வேண்டும், அதற்குக் காசு அதிகம். 20,000 டாலரில் முடியாது.

ஆஸ்திரேலிய அரசுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கப் போகும் நம்மவர்கள் தலைமையாசிரியரிடம் கேட்க வேண்டியது இது: உங்கள் பள்ளி சாப்ளினை வைத்திருக்கிறதா, நலப் பணியாளரை வைத்திருக்கிறதா? அவர் வாரத்தில் எந்தெந்த நாள் இருப்பார்? மீதி நாளில் என் பிள்ளை யாரிடம் போகும்?