1,650 வெள்ளி வாங்கிக்கொண்டு கிளட்ச்சைத் திறக்கவே இல்லை: பினாங்கு நண்பர்களே, கவனம்

1,650 வெள்ளி. கிளட்ச் பிளேட் மாற்றியதாகச் சொல்லி, தீவில் உள்ள ஒரு பெரிய பைக் பட்டறை என்னிடம் வாங்கிய பணம். எதையும் மாற்றவில்லை என்று இன்று மதியம்தான் தெரிந்தது.

என் பைக்கில் கிளட்ச்சுக்குக் கேபிள் கிடையாது, ஹைட்ராலிக். லிவரைப் பிடித்தால் மாஸ்டர் சிலிண்டர் எண்ணெயைத் தள்ளும்; அந்த அழுத்தத்தில் எஞ்சின் பக்கமிருக்கும் ஸ்லேவ் சிலிண்டர் பிளேட்டுகளைப் பிரிக்கும். எனக்கு அது சரியாகப் பிரியவில்லை. கிரீன் லேன் டிராபிக் லைட்டில் லிவரை முழுக்கப் பிடித்து நின்றாலும் வண்டி முன்னே இழுத்தது. நியூட்ரல் விழாது. லிவரை நாலைந்து தடவை பம்ப் பண்ணினால் கொஞ்ச நேரம் சரியாகும்.

பட்டறைக்காரர் நம்ம ஆள். உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். அப்பா எந்த எஸ்டேட் என்று விசாரித்தார், அவருக்கும் அந்தப் பக்கம் சொந்தம் இருக்கிறதாம். மறுநாள் போனபோது கருகிப்போன பிளேட்டுகளைத் தாளில் பரப்பி வைத்திருந்தார். "உன்னோடதுதான் தம்பி, பாரு. அண்ணன் உன்கிட்ட பொய் சொல்லுவேனா?" அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் 1,650 வெள்ளியையும் அங்கேயே கொடுத்தேன். பில்லுக்குப் பதில் கையால் எழுதிய துண்டுச் சீட்டு கிடைத்தது.

வீடு வருவதற்குள் பழைய கோளாறு திரும்பிவிட்டது. போன் பண்ணினால், "புது பிளேட்டு தம்பி, 500 கிலோமீட்டர் ஓட்டு, செட் ஆகிடும்." அப்புறம், "வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும்." அப்புறம் வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும். நேரில் போனால், தவுக்கே (முதலாளி) வெளியூராம். உள்ளே அவர் குரல் எனக்குக் கேட்கிறது!

பட்டர்வொர்த்தில் வேறொரு மெக்கானிக் ஸ்லேவ் சிலிண்டரைக் கழற்றினார். சீல் கிழிந்து எண்ணெய் கசிந்திருந்தது, லைனில் காற்று. சீல் மாற்றி, காற்றை எடுத்து, 180 வெள்ளி வாங்கினார். கிளட்ச் கவரின் போல்ட்டுகளில் கம்பெனி வைத்த பெயிண்ட் குறி உடையாமல் அப்படியே இருப்பதையும் அவர்தான் காட்டினார். திறக்காத கவருக்குள் எப்படிப் பிளேட் மாற்ற முடியும்? யாருடைய பிளேட்டைக் காட்டி 1,650 வெள்ளி வாங்கினார்?

அவசரமாகச் சிலது சொல்லிவிடுகிறேன். பிளேட் தேய்ந்தால் கிளட்ச் வழுக்கும்: எஞ்சின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. லிவர் மெத்தென்று இருந்து, பம்ப் பண்ணினால் சரியாகிறது என்றால் முதலில் எண்ணெயையும் சீலையும் பார்க்கச் சொல்லுங்கள். கிளட்ச் எண்ணெய் டப்பாவில் எண்ணெய் குறைந்தால் கசிவு. பிளேட் தேய்மானத்தால் அது குறையாது. டாட் 4 (பிரேக் எண்ணெய்) ஊற்றவேண்டிய கிளட்ச்சும் உண்டு, மினரல் ஆயில் கிளட்ச்சும் உண்டு. மாற்றி ஊற்றினால் சீல் போய்விடும், எது என்று டப்பா மூடியில் பார்த்துக்கொள்ளுங்கள். கவரை உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். முறையான பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள்.

துண்டுச் சீட்டும் வாட்ஸ்அப் செய்திகளும் என்னிடம் இருக்கின்றன. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரை கேட்கலாம், பதிவுக் கட்டணம் 5 வெள்ளிதான். திங்கட்கிழமை மனு போடுகிறேன். இதே மாதிரி ஏமாந்தவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள்.