முதல் ஆட்டத்துக்கு எந்தப் பிட்சர்?

நியூ ஜெர்சியில் 11, 12 வயதுச் சிறுவர்களுக்கான லிட்டில் லீக் (சிறுவர் பேஸ்பால் அமைப்பு) அணி ஒன்றுக்குத் தன்னார்வப் பயிற்சியாளராக இருக்கிறேன். சீசனின் முதல் சனிக்கிழமை ஆட்டத்தில் யாரைப் பிட்சராக, அதாவது பந்து வீசுபவராக, மவுண்டில் (அவர் நின்று வீசும் மேட்டில்) நிறுத்துவது என்ற கேள்வி இரண்டு வாரமாக என்னை விடவில்லை. அணியின் உயரமான வலக்கைப் பையனா, ஒல்லியான இடக்கைப் பையனா என்பதே போட்டி. நான் இடக்கைப் பையனைத் தேர்ந்தெடுத்துவிட்டேன்.

வலக்கைப் பையனின் பலத்தை விளக்கவே வேண்டியதில்லை. எங்கள் பிரிவில் பிட்சர் நிற்கும் இடத்துக்கும் மட்டையாளர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கும் இடையே 46 அடிதான். அந்தத் தொலைவில் அவன் வேகத்துக்கு மட்டையைச் சுழற்றுவதற்குள் பந்து, மட்டையாளருக்குப் பின்னால் அதைப் பிடிக்க இருக்கும் கேட்சரின் கையுறைக்குள் போய்விடுகிறது. இடக்கைப் பையனிடம் அந்த வேகம் இல்லை, ஆனால் அவன் வீசும்போது கேட்சர் கையுறையை நீட்டிய இடத்திலிருந்து பெரும்பாலும் நகர்த்துவதே இல்லை.

என் முடிவைத் தீர்மானித்தது பந்துகளின் எண்ணிக்கை. லிட்டில் லீக் விதிப்படி இந்த வயதினர் ஒரு நாளில் 85 பந்துகள் வரை வீசலாம் என்றாலும், பயிற்சியாளரைக் கட்டிப்போடுவது அந்த உச்சவரம்பு அல்ல, அதற்குப் பின் வரும் ஓய்வுக் கணக்கு. 66 அல்லது அதற்கு மேல் வீசினால் நான்கு நாள் ஓய்வு, 51 முதல் 65 வரை என்றால் மூன்று நாள், 36 முதல் 50 வரை இரண்டு நாள், 21 முதல் 35 வரை ஒரு நாள், 20க்குள் முடித்தால் ஓய்வே தேவையில்லை. எங்கள் இரண்டாவது ஆட்டம் புதன்கிழமை. சனிக்கிழமை 65 பந்துகளோடு நிறுத்தப்பட்டவன் புதனன்று மீண்டும் வீசலாம். ஒரு பந்து கூடிவிட்டாலோ வியாழக்கிழமை வரை காத்திருக்க வேண்டும்.

பயிற்சி ஆட்டத்தில் எண்ணும் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு இருவரையும் கவனித்தேன். வலக்கைப் பையனுக்கு ஒரு இன்னிங்ஸை முடிக்க, அதாவது எதிரணியில் மூன்று பேரை அவுட்டாக்க, 28 பந்துகள் தேவைப்பட்டன. இடக்கைப் பையன் மூன்று இன்னிங்ஸை 41 பந்துகளில் முடித்தான். கிரிக்கெட்டில் வைடு போட்டால் ஒரு ஓட்டத்தோடு போய்விடும். இங்கே நான்கு 'பால்' (மட்டையாளர் அடிக்காமல் விட்ட, குறிதவறிய வீச்சு) சேர்ந்தால் மட்டையாளர் முதல் தளத்துக்கு நடந்தே போவதோடு, வீணான அந்தப் பந்துகளும் கணக்கில் ஏறிவிடுகின்றன. இதே அளவில் போனால் 65 பந்துகளுக்குள் வலக்கைப் பையன் இரண்டு இன்னிங்ஸைத்தான் முழுதாக முடிப்பான். இடக்கைப் பையன் ஆறு இன்னிங்ஸ் ஆட்டத்தில் நான்கை முடித்து ஐந்தாவதிலும் பாதிக்கு மேல் தாண்டியிருப்பான்.

பெரியவர்களின் ஆட்டத்திலும் இதைப் பார்த்திருக்கிறோம். 2025 மார்ச் 18 அன்று டோக்கியோ டோமில் நடந்த மேஜர் லீக் (அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பால்) தொடக்க ஆட்டத்தில் டாட்ஜர்ஸ் அணிக்கு எதிராகக் கப்ஸ் அணியின் ஷோட்டா இமானாகா நான்கு இன்னிங்ஸில் ஒரு ஹிட்கூட (மட்டையாளர் அடித்துத் தளம் சேரும் அடி) கொடுக்கவில்லை. ஆனால் நான்கு மட்டையாளர்களை நடக்கவிட்டதில் அவர் கணக்கு 69 பந்துகளைத் தொட்டிருந்தது, அத்தோடு அவரை வெளியே எடுத்தார்கள். அடுத்த இன்னிங்ஸிலேயே டாட்ஜர்ஸ் மூன்று ஓட்டங்கள் எடுத்து 4-1 என்று வென்றது. டாட்ஜர்ஸுக்காக வீசிய யோஷினோபு யமமோட்டோ ஹிட் கொடுத்தார், ஒரு ஓட்டமும் கொடுத்தார், ஆனால் ஐந்து இன்னிங்ஸ் நின்றார்.

இது எனக்கு இரண்டாவது சீசன்தான் என்பதால், ஜூன் மாத ஆட்டங்களுக்கும் இதே தேர்வு பொருந்துமா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். மட்டையாளர்கள் பழகிவிட்ட பிறகு இடக்கைப் பையனின் மெதுவான பந்துகள் அடிவாங்கலாம். வலக்கைப் பையனின் குறி அதற்குள் நேராகியும் இருக்கலாம். ஏப்ரல் குளிரில் விரல்கள் விறைத்துப்போகும் இந்த முதல் வாரத்துக்கு மட்டும் குறிதவறாத கையையே நம்புகிறேன்.

சனிக்கிழமை இடக்கைப் பையனை 65ஐத் தாண்டவிடாமல் நிறுத்திவிட்டு, கடைசி இன்னிங்ஸை வலக்கைப் பையனிடம் தரப்போகிறேன். அவனை 20 பந்துகளோடு நிறுத்திவிட்டால் புதன்கிழமை ஆட்டத்தை அவனே தொடங்கி வைப்பான் என்று அவன் அப்பாவிடமும் சொல்லியிருக்கிறேன்.