பயண வீடியோவுக்காக வாங்கிய டெஸ்க்டாப்: ஒரு வருடம் ஓட்டிய பிறகு

இயந்திரங்களைப் பொருத்திக் கொடுப்பது என் வேலை. மாதத்தில் பத்து நாளாவது ரயிலிலேயே கழிந்துவிடும். வழியில் பாதி நேரம் நெட்வொர்க் இருக்காது என்பதால், பார்க்க வேண்டியதை எல்லாம் டேப்லெட்டில் ஏற்றிக்கொண்டு கிளம்புவேன். டேப்லெட்டில் 64 ஜிபி இடம். சிஸ்டமும் ஆப்களும் எடுத்துக்கொண்டது போக எனக்கு மிஞ்சுவது அதில் முக்கால்வாசிதான். போனில் 4கே தரத்தில் எடுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி ஆகிறது. மகளின் பள்ளி நாடகத்தை 100 நிமிடம் அப்படி எடுத்து வைத்திருந்தேன், 17 ஜிபி. பத்து அங்குலத் திரையில் பார்க்க இவ்வளவு எதற்கு? 720பி-க்கு (உயரத்தில் 720 புள்ளி வரிகள்) குறைத்து, விநாடிக்கு 2 மெகாபிட் அளவு தரவு கொடுத்தால் ஒன்றரை ஜிபியில் அடங்கிவிடும்.

முன்பு இந்த வேலையை ஒரு ஒல்லி லேப்டாப்பில் செய்துகொண்டிருந்தேன். முதல் ஐந்து நிமிடம் ஜோராக ஓடும். அப்புறம் சூடேறி, தப்பித்தால் போதும் என்று தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வீடியோ மாற்றும் ஹேண்ட்பிரேக் மென்பொருளின் கீழே விநாடிக்கு எத்தனை ஃபிரேம் (வீடியோவின் தனித்தனிப் படம்) முடிகிறது என்ற எண் ஓடும் இல்லையா, அது 38, 35, 27 என்று இறங்கி 20-இல் போய் உட்கார்ந்துவிடும். விநாடிக்கு 25 ஃபிரேம் உள்ள இரண்டு மணி நேர வீடியோவில் மொத்தம் 1,80,000 ஃபிரேம். 20 வீதம் போனால் 9,000 விநாடி, அதாவது இரண்டரை மணி நேரம். பார்த்து முடிக்கும் நேரத்தைவிட மாற்றி முடிக்கும் நேரம் அதிகம்! கிளம்புவதற்கு முந்தின இரவு நான்கு வீடியோவை வரிசையில் போட்டுவிட்டுப் படுத்தால், விடியும்போது நான்காவது அப்போதுதான் தொடங்கியிருக்கும்.

சரி, இதற்கென்றே ஒரு டெஸ்க்டாப் வாங்கிவிடலாம் என்று முடிவு செய்ததும் ஆலோசனைகள் வந்து குவிந்தன. தம்பி மகன் கேம் ஆடுகிறவன். "பெரியப்பா, மத்ததுல எல்லாம் மிச்சம் பிடிச்சாலும் பரவாயில்ல, கிராபிக்ஸ் கார்டை மட்டும் பெருசா போட்டுடுங்க" என்றான். விற்பனையாளரும் அதையே வேறு சொற்களில் சொன்னார். இரண்டு பேர் சொன்னதும் எனக்கே ஆசை வந்துவிட்டது. ஆனால் கொஞ்சம் தோண்டிப் பார்த்ததில் விஷயம் வேறு மாதிரி இருந்தது.

வீடியோவை மாற்ற இரண்டு வழி. ஒன்று, பிராசசருக்குள் கணக்குப் போடும் அலகுகளான கோர்கள் ஒவ்வொரு ஃபிரேமையும் அலசி மென்பொருள் வழியாகவே சுருக்குவது. இன்னொன்று, சுருக்குவதற்கென்றே சிப்புக்குள் பதித்திருக்கும் தனிச் சுற்று அதைச் செய்வது. என்விடியா கார்டுகளில் இந்தச் சுற்றின் பெயர் என்வென்க், 2012 முதல் வருகிறது. இன்டெல் 2011-லேயே பிராசசரோடு ஒட்டி வரும் கிராபிக்ஸில் குயிக் சிங்க் என்ற பெயரில் கொடுத்துவிட்டது. கேமில் காட்சிகளை வரைகிற பகுதி வேறு, வீடியோவைச் சுருக்குகிற இந்தச் சுற்று வேறு. பெரிய கார்டு வாங்கினால் நான் காசு கொடுப்பது பெரும்பாலும் முதல் பகுதிக்குத்தான். அது எனக்கு எதற்கு?

அதனால் தனி கார்டே இல்லாமல், 6 கோர், 12 திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசைகள்) உள்ள இன்டெல் கோர் ஐ5 12400 வாங்கினேன். இங்கே ஒரு இடத்தில் ஏமாறப் பார்த்தேன். இதே பிராசசர் பெயருக்குப் பின்னால் 'எஃப்' என்ற எழுத்தோடும் கிடைக்கிறது, விலையும் குறைவு. அந்த எழுத்து இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. குயிக் சிங்க்கும் கிடையாது. கார்டு போடப்போகிறவருக்கு அது லாபம், என்னைப் போன்றவருக்கு முழு நஷ்டம். ஒரே ஒரு எழுத்து, பில்லில் கண்ணுக்கே தெரியாது.

வந்த அன்றே அந்தப் பள்ளி நாடகத்தை 720பி எச்.264-க்கு (வீடியோவைச் சுருக்கும் முறைகளில் ஒன்று) இரண்டு வழியிலும் மாற்றிப் பார்த்தேன். கோர்கள் மட்டும் உழைத்தபோது விநாடிக்குச் சுமார் 100 ஃபிரேம். லேப்டாப்பில் ஒரு சாயங்காலத்தையே விழுங்கியிருக்கும் வேலை அரை மணி நேரத்தில் முடிந்தது. குயிக் சிங்க்கில் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அடடா, இதுவே போதுமே என்று டேப்லெட்டில் போட்டுப் பார்த்தேன்.

நாடகத்தில் ஓர் இடத்தில் விளக்குகளை அணைத்துவிட்டு நீல வெளிச்சம் மட்டும் கொடுப்பார்கள். பின்னால் கறுப்புத் திரை, முன்னால் மகள் மெதுவாக நடந்து வருவாள். குயிக் சிங்க் கொடுத்த ஃபைலில் அந்தக் கறுப்புத் திரையில் சதுரம் சதுரமாகத் திட்டுகள். அவள் நகர நகர அந்தச் சதுரங்களும் அவளுக்குப் பின்னால் ஊர்ந்தன. நல்ல வெளிச்சத்தில் இருந்த மற்ற காட்சிகளில் வித்தியாசமே தெரியவில்லை. அதே 2 மெகாபிட்டில் கோர்கள் சுருக்கிய ஃபைலில் திரை திரையாகவே இருந்தது. மெகாபிட்டைக் கூட்டிக் கொடுத்தால் குயிக் சிங்க்கிலும் சதுரங்கள் மறைகின்றன, ஆனால் ஃபைல் பெருக்கும். இருட்டுக் காட்சி, ஓடும் தண்ணீர், மழை, கூட்டம் இதெல்லாம் உள்ள வீடியோவை வைத்துத்தான் எந்தக் கம்ப்யூட்டரையும் சோதிக்க வேண்டும். செய்தி வாசிப்பவரின் முகத்தை எதுவும் அழகாகச் சுருக்கிவிடும்.

இப்போது என் பழக்கம் இதுதான்: வைத்துக்கொள்ளப்போகும் வீடியோவுக்குக் கோர்கள், ஒருமுறை பார்த்துவிட்டு அழிக்கப்போகும் பயிற்சி வகுப்புகளுக்குக் குயிக் சிங்க். மெகாபிட்டை நிர்ணயிப்பதைக்கூடப் பெரும்பாலும் விட்டுவிட்டேன். ஹேண்ட்பிரேக்கில் ஆர்எஃப் என்ற தர எண்ணை 22 என்று வைத்துவிட்டால், கடினமான காட்சிக்கு அதிகமும் எளிய காட்சிக்குக் குறைவுமாக அதுவே பங்கிட்டுக்கொள்கிறது. எண் சிறிதானால் தரம் கூடும். முதலில் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு ஒரு வாரம் திண்டாடினேன்.

எந்த வேகமும் கைகொடுக்காத வேலை ஒன்று உண்டு. பழைய குடும்ப விழாக்கள் டிவிடியில் இருக்கின்றன. 720-க்கு 576 அளவு, ஒவ்வொரு ஃபிரேமும் ஒற்றை வரி, இரட்டை வரி என்று இரண்டாகப் பிரித்துப் பதிந்தது. அப்படியே மாற்றினால் யாராவது கையை அசைக்கும்போது விரல்களின் ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கிழிந்து தெரியும். அதைச் சரிசெய்யும் ஃபில்டர்கள் பெரும்பாலும் கோர்களின் தலையில்தான் விழுகின்றன. கூடவே புள்ளி புள்ளியான இரைச்சலை நீக்கும் ஃபில்டரையும் கனமாகப் போட்டால், குயிக் சிங்க் கை கட்டி நிற்கிறது, கோர்கள் மூச்சு வாங்குகின்றன. ஆறு கோர் எடுத்ததற்கு அந்த நாட்களில்தான் சந்தோஷப்படுகிறேன்.

வீண் செலவு என்று பார்த்தால், ரேம். 32 ஜிபி போட்டேன். 1080பி வீடியோ மாற்றும்போது எட்டிப் பார்த்தால் அதில் பெரும்பகுதி சும்மா கிடக்கிறது. 16 தாராளம். அதிவேக எஸ்எஸ்டியும் இந்த வேலைக்கு அவசியமில்லை. 8 ஜிபி ஃபைலை அரை மணி நேரத்தில் மாற்றினால் விநாடிக்கு ஐந்து எம்பிகூடப் படிக்க வேண்டியதில்லை. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கே அதைப் போல இருபது மடங்கு தரும். சிஸ்டத்துக்குச் சின்ன எஸ்எஸ்டி, வீடியோக்களுக்குப் பெரிய ஹார்ட் டிஸ்க் என்று பிரித்திருந்தால் இடமாவது கிடைத்திருக்கும்.

ஃபேன் சத்தம் பரவாயில்லை ரகம். இரவில் ஓடினால் பக்கத்து அறைக்குக் கேட்காது. அதே அறையில் தூங்குவதென்றால் யோசிக்க வேண்டும். கேபினெட்டில் காற்று வர, போக இடம் இருப்பதால் எத்தனை மணி நேரம் ஓடினாலும் விநாடிக்கு முடியும் ஃபிரேம் எண் 100-ஐ ஒட்டியே நிற்கிறது. ஒல்லி லேப்டாப்பில் நான் ஏங்கியது அதற்குத்தான். லேப்டாப்தான் வேண்டும் என்றால் தடிமனாக, நன்றாகக் காற்று தள்ளுவதாகப் பாருங்கள். மேக் வைத்திருப்பவர்கள் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை, 2020-இல் வந்த எம்1 சிப்பிலேயே இந்தச் சுருக்கும் சுற்று இருக்கிறது.

இந்தக் கம்ப்யூட்டர் எச்.264-க்கு அடுத்து வந்த எச்.265 முறையிலும் வேகமாகச் சுருக்கும். ஃபைல் இன்னும் சிறிதாகும். ஆனால் என் டேப்லெட் பழையது; அதைப் பிரித்துக் காட்ட அதில் தனிச் சுற்று இல்லை. பிராசசரே சிரமப்பட்டு ஓட்ட, சூடேறி, பாதி வழியிலேயே பேட்டரி தீர்ந்தது. மறுபடியும் எச்.264-க்கே திரும்பிவிட்டேன். இன்னும் புதிய முறையான ஏவி1 மீதான ஆசையும் இதே காரணத்தால் தள்ளிப்போகிறது.

ஃபைலை டேப்லெட்டுக்கு மாற்றும்போது யுஎஸ்பி போர்ட்டைப் பார்த்துச் செருகுங்கள். முன்பக்கம் ஒன்று யுஎஸ்பி 2, அதன் வழியே 20 ஜிபி போக பத்து நிமிடத்துக்கு மேல் ஆகிறது. மெமரி கார்டு ஃபேட்32 என்ற பழைய முறையில் ஃபார்மட் ஆகியிருந்தால் 4 ஜிபியைத் தாண்டிய ஒற்றை ஃபைலை ஏற்கவே ஏற்காது.

போன பயணத்துக்கு முந்தின இரவு பதினான்கு வீடியோவை வரிசையில் போட்டேன், காலையில் பதினான்கும் தயார். ரயில் ஏறித் திறந்த பிறகுதான் தெரிந்தது, எதிலும் சப்டைட்டில் இல்லை. நான்தான் டிக் செய்ய மறந்திருக்கிறேன். இப்போது மானிட்டர் ஓரத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. கையெழுத்து மகளுடையது: "அப்பா, சப்டைட்டில்."