ரத்தம் நிற்க எந்த ஊசி? வேலூர் நெடுஞ்சாலை முதல் பீஞ்சமந்தை வரை

வாலாஜாபேட்டைக்கும் வாணியம்பாடிக்கும் இடையே நெடுஞ்சாலையில் அடிபட்டவரை அவசரப் பிரிவுக்குள் தூக்கிவந்ததுமே, கூட வந்தவர்கள் கேட்பார்கள்: "ரத்தம் நிக்க ஊசி போட்டுட்டீங்களா டாக்டர்?" கேட்க வேண்டிய கேள்விதான். எந்த ஊசி என்பதை, ரத்தம் எதனால் போகிறது, எவ்வளவு நேரமாகப் போகிறது என்ற இரண்டும்தான் முடிவு செய்யும். விலை முடிவு செய்யாது.

விபத்துக் காயத்துக்கு என் ஓட்டு டிரானெக்சாமிக் அமிலத்துக்கு. வார்டில் சுருக்கமாக 'டிரானெக்சா'. ஜப்பானில் உதாகோ ஒகமோட்டோவும் அவர் கணவர் ஷோசுகேவும் கண்டறிந்து 1962-இல் வெளியிட்ட மருந்து. ஏரிக்குப் புதுக்கரை போடுகிற வேலை இதற்கில்லை. உடல் ஏற்கெனவே போட்ட கரை, அதாவது காயத்தை அடைக்கும் ரத்தக்கட்டு, அரித்துப்போகாமல் காக்கும், அவ்வளவுதான். கிழிந்த நாளத்தை அறுவை மருத்துவர்தான் கட்ட வேண்டும்.

அடிபட்டவர்களுக்கு டிரானெக்சா போட்டுப் பார்த்து 2010-இல் வெளியான கிராஷ்-2 ஆய்வில் 20,211 பேர் சேர்க்கப்பட்டனர். அடிபட்டு ஒரு மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களில் ரத்தப்போக்கால் இறந்தவர்கள் 5.3 சதவீதம், மருந்தில்லாத வெற்று ஊசி பெற்றவர்களில் 7.7. மூன்று மணி நேரம் தாண்டிப் போட்டபோதோ கணக்கு தலைகீழானது: மருந்து பெற்றவர்களில் 4.4, பெறாதவர்களில் 3.1. அதாவது, தாமதமாகப் போட்டால் கேடு. ஆகவே முதல் ஒரு கிராமைப் பத்து நிமிடத்தில் ஏற்றும் வேலை அடுக்கம்பாறை மருத்துவக் கல்லூரி வரை காத்திருக்கக் கூடாது. 108 வண்டியிலோ வழியில் உள்ள அரசு மருத்துவமனையிலோ முடிந்துவிட வேண்டும். அடுத்த ஒரு கிராமை எட்டு மணி நேரத்தில் சொட்டுச் சொட்டாக ஏற்றலாம்.

எதிரே நிற்பது எத்தாம்சைலேட் என்ற இன்னொரு ரத்தப்போக்கு மருந்து. நம் ஊர் மருந்துச் சீட்டுகளில் தாராளமாகப் புழங்கும் பெயர். ஆனால் விபத்துக் காயத்தில் உயிர் காப்பதாகக் காட்டும் பெரிய ஆய்வு அதன் பின்னால் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் டிரானெக்சா இருக்கிறது, எத்தாம்சைலேட் இல்லை. இரண்டையும் சேர்த்துப் போடுவது நோயாளிக்குச் செலவு. மருத்துவருக்கு வெறும் மனநிறைவு.

ரத்தம் உறைய உதவும் புரதங்களில் ஒன்றான ஏழாம் காரணியின் ஊசி பல பத்தாயிரம் ரூபாய். ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபீலியா நோயில், வழக்கமான உறைகாரணி ஊசிக்கு எதிர்ப்பொருள் உருவாகிவிட்டவருக்கு அது உண்மையிலேயே உயிர்நாடி. அங்கே விலை பார்க்கக் கூடாது. விபத்துக் காயத்திலோ அது இறப்பைக் குறைக்கவில்லை, தமனிகளில் ரத்தக்கட்டு அபாயத்தையும் கூட்டுகிறது. நகையை அடகு வைத்தாவது வாங்கி வருகிறோம் என்று நிற்கும் குடும்பத்திடம் இதை முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும்.

திட்டமிட்ட அறுவையில் 2022-இன் பாய்ஸ்-3 ஆய்வு, இதய அறுவை அல்லாதவற்றில் பெரும் ரத்தப்போக்கை டிரானெக்சா 11.7-இலிருந்து 9.1 சதவீதமாகக் குறைத்ததைக் காட்டியது. இதய அறுவையில் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த இன்னொரு ரத்தப்போக்கு மருந்தான அப்ரோடினின், 2008 ஆய்வில் இறப்பு கூடியது தெரிந்ததும் பின்தள்ளப்பட்டது.

பேறுகாலத்தில் வரிசையே மாறும். அங்கே முதல் மருந்து கருப்பையைச் சுருக்கும் ஆக்சிடோசின். கருப்பை சுருங்கினால்தான் ரத்தம் நிற்கும். ஆனால் அதை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். வேலூர் மே மாத வெயிலில் மின்சாரம் போனால் என்ன ஆகும்? ஜவ்வாது மலையில் பீஞ்சமந்தை போன்ற இடங்களுக்கு இதுதான் என் கவலை. அதே வேலையைச் செய்யும், குளிர்ப்பெட்டி தேவைப்படாத கார்பெடோசின் ரத்தப்போக்கு வராமல் தடுக்க நன்று. மிசோப்ரோஸ்டால் மாத்திரைக்கும் குளிர் வேண்டாம்; பலன் சற்றுக் குறைவு, நடுக்கமும் காய்ச்சலும் வரும். ரத்தப்போக்கு மிகுந்துவிட்டால், ஆக்சிடோசினோடு பிரசவமான மூன்று மணி நேரத்துக்குள் டிரானெக்சாவும் சேர வேண்டும். அப்படிப் போட்டால் ரத்தப்போக்கால் இறப்பது குறைகிறது என்று 2017-இன் உமன் ஆய்வு 20,060 பெண்களிடம் காட்டியது.

சிசேரியன் அறைக்கு ஒரு எச்சரிக்கை: முதுகில் போடும் மரமரப்பு ஊசியின் குப்பியும் டிரானெக்சா குப்பியும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். மாறித் தண்டுவடத்துக்குள் போனால் வலிப்பு வந்து உயிரே போகலாம். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் இதை எச்சரித்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கவே கூடாது.

வயிற்றுப் புண்ணிலிருந்தோ கல்லீரல் கெட்டு உணவுக்குழாய் நாளங்களிலிருந்தோ ரத்தவாந்தி எடுப்பவருக்கு டிரானெக்சா வேண்டாம். 2020-இல் 12,009 பேரிடம் நடந்த ஹால்ட்-இட் ஆய்வில் இறப்பு குறையவில்லை. சிரைகளில் ரத்தக்கட்டும் வலிப்பும் கூடின. அவருக்குத் தேவை, வாய்வழியாகக் குழாய் விட்டு ரத்தம் வரும் இடத்தைப் பார்த்து அடைக்கும் எண்டோஸ்கோப்பி.

கண்ணாடி விரியன் கடி இந்த ஒப்பீட்டுக்கே வெளியே நிற்கிறது. அணைக்கட்டிலோ குடியாத்தத்திலோ கடலைக் கொல்லையில் கடிபட்டவரின் ஈறிலிருந்து ரத்தம் கசிந்தால், விஷம் அவருடைய உறைகாரணிகளைத் தின்று தீர்த்துவிட்டது என்று பொருள். விஷமுறிவு மருந்து ஒன்றே அதற்குப் பதில். மேற்சொன்ன எந்த ஊசியும் அந்த இடத்தை நிரப்பாது. சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தம் எடுத்து, அசைக்காமல் இருபது நிமிடம் வைத்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையவில்லையா, உடனே விஷமுறிவு மருந்தைத் தொடங்க வேண்டும். மேல்சிகிச்சைக்கு அனுப்பும் சீட்டில் கடித்த நேரம், குழாய்ச் சோதனையின் முடிவு, ஏற்றிய குப்பிகளின் எண்ணிக்கை மூன்றும் இருந்தால், அடுத்து வாங்கும் மருத்துவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.