தரையில் விரிக்கும் ஃப்ளெக்ஸ் வரைபடம்: சில வருஷம் பயன்படுத்திய பிறகு

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை சமூக அறிவியல் எடுக்கிறேன். பழைய நாகரிகங்களுக்குச் சுவர்ப் படத்தை விட்டுவிட்டு, பத்துக்கு ஆறடி ஃப்ளெக்ஸில் வெற்று வரைபடம் அடித்துத் தரையில் விரிக்கத் தொடங்கிச் சில வருஷம் ஆகிறது. நைல் முதல் மஞ்சள் ஆறு வரையிலான நிலத்தின் கடற்கரைக் கோடு மட்டும்தான் இருக்கும். ஊர்ப் பெயர், நாட்டு எல்லை, ஆறு எதுவும் கிடையாது. அதெல்லாம் பிள்ளைகள் வேலை. ஆற்றுக்கு நீல உல்லன் நூல், நகரத்துக்குப் புளியங்கொட்டை. இந்த ஊரில் புளியங்கொட்டைக்கா பஞ்சம்!

பெரிய லாபம் நைல்தான். சுவரில் வடக்கு மேலே இருப்பதால், "ஆறு எப்படி டீச்சர் மேலே ஏறும்?" என்று வருஷா வருஷம் யாராவது கேட்பார்கள். கேட்பது நியாயம்தான். நந்தி மலையில் பிறக்கும் நம் தென்பெண்ணை ஓசூர், கே.ஆர்.பி. அணை தாண்டிக் கடலூர் போவது, படத்தில் கீழே இறங்குவதாகத்தானே தெரிகிறது! தரையில் மேல், கீழ் என்ற பேச்சே இல்லை. எத்தியோப்பிய மேட்டிலிருந்து நீல நைல் நூலைப் பிடித்துக்கொண்டு மத்தியதரைக் கடல் வரை நடக்கிறார்கள். ஆறு முதலில் நுழையும் மேல் எகிப்து தெற்கில் இருப்பது அப்புறம் யாரையும் குழப்புவதில்லை.

ஃப்ளெக்ஸில் உயரம் தெரியாது. அதற்காகக் கோணிப்பையைச் சுருட்டி அடியில் வைத்து இமயமலையையும் இந்துகுஷ்ஷையும் எழுப்புகிறோம். டைகிரிசும் யூப்ரடீசும் கிளம்பும் துருக்கி மலைகளுக்கு இன்னொரு பை.

தூரம் காட்டவும் நன்றாக உதவுகிறது. ஹரப்பாவுக்கும் மொகஞ்சதாரோவுக்கும் இடையே சுமார் 600 கி.மீ. இங்கிருந்து சென்னை போவதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அவ்வளவு தள்ளியிருந்தும் இரண்டு ஊரிலும் செங்கல் ஒரே விகிதம்: நீளம், அகலம், தடிமன் 4:2:1. இதைச் சொன்னதும் பள்ளிச் சுவர் வேலைக்கு இறக்கியிருந்த கல்லை ஸ்கேல் வைத்து அளந்தார்கள். ஒன்பது அங்குலம், நாலேகால், மூன்று. "நம்ம சூளைக்காரர் ஹரப்பாவுல ஃபெயில் டீச்சர்" என்று ஒருவன் தீர்ப்பே எழுதிவிட்டான்.

காலத்தைக் காட்டுவதில்தான் இது சுத்தமாகக் கைவிடுகிறது. எல்லாக் கொட்டையும் ஒரே தரையில் கிடப்பதால் கீழடியும் ஹரப்பாவும் ஒரே சமயத்தில் இருந்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். அதனால் பக்கத்தில் கயிறு கட்டி ஆண்டுச் சீட்டு மாட்டுவது கட்டாயம். சிந்துவெளி நகரங்கள் செழித்திருந்தது பொ.ஆ.மு. 2600 முதல் 1900 வரை. நம் மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் பொ.ஆ.மு. 2172 என்று 2022இல் அறிவித்தார்கள். அந்தச் சீட்டு அந்த இடைவெளிக்குள்ளேயே போய் விழுந்ததும் வகுப்புக்கு வந்த தெம்பைப் பார்க்க வேண்டும்.

இனி பொருளைப் பற்றி. அச்சடிக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். எனக்கு அடித்துக் கொடுத்த கடையில் பத்தடிக்குப் பொருந்தட்டும் என்று படத்தை இழுத்துவிட்டார்கள். இந்தியா குண்டாகிவிட்டது, மறுபடி அடிக்க வைத்தேன். மடித்து வைத்தால் மடிப்பில் மை உரியும், பி.வி.சி. குழாயில் சுருட்டி வையுங்கள். வெயிலில் விரித்தால் சீக்கிரம் வெளுக்கும். மார்க்கர் எழுத்து முழுசாகப் போகாது, அதனால் எழுத விடுவதே இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏற விடுவேன்.

காசு இல்லையென்றால் கல்யாண பேனரின் வெள்ளைப் பின்பக்கம் போதும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே கட்டம் போட்டு வரைந்துவிடுவார்கள். ஆனால் வகுப்பில் நாற்பது பேருக்கு மேல் இருந்தால் இது சரிப்படாது. முன்னால் நிற்பவர்களின் முதுகுதான் மற்றவர்களுக்குத் தெரியும். இரண்டு குழுவாகப் பிரித்து, ஒன்றுக்குக் கயிற்று வேலை கொடுத்துவிடுங்கள்.