முட்டைக்கு மாற்றா, முட்டையே கேட்காத கேக்கா? வகுப்புக்குப் பலகாரம் செய்பவர்களுக்காக ஓர் ஒப்பீடு

வகுப்பில் ஒரு குழந்தைக்குப் பால் ஆகாது. இன்னொரு குழந்தைக்கு முட்டையும் வேர்க்கடலையும் ஆகாது. அடுத்த வாரம் வகுப்பு முழுவதற்கும் கேக் கொண்டுவருவதாக உங்கள் மகள் ஆசிரியரிடம் சொல்லிவிட்டாள். இப்படி ஒரு பட்டியல் கைக்கு வந்ததும் நம்மில் பலர் செய்வது ஒன்றுதான். வழக்கமாகச் செய்யும் கேக்கை வைத்துக்கொண்டு முட்டைக்குப் பதில் என்ன, வெண்ணெய்க்குப் பதில் என்ன என்று தேட ஆரம்பிப்போம். நானும் சில ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன். இப்போது அந்த வழியை விட்டுவிட்டேன்.

மாற்றுப் பொருள் தேடும்போது பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிவது சுலபம். கோதுமை வேண்டாமென்று பாதாம் மாவு போடுவார்கள். கொட்டை அலர்ஜி உள்ள குழந்தைக்கு அதுவே ஆபத்து. பாலுக்குப் பதில் முந்திரிப் பால், முட்டைக்குப் பதில் சோயா டோஃபு, வேர்க்கடலை வெண்ணெய்க்குப் பதில் எள் விழுது என்று எல்லாமே ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை உள்ளே விடுகிற வேலைதான். அமெரிக்கச் சட்டத்தில் முக்கிய ஒவ்வாமைப் பொருள்கள் முதலில் 8 ஆக இருந்தன. 2021இல் வந்த சட்டம் எள்ளை ஒன்பதாவதாகச் சேர்த்தது. 2023 ஜனவரி 1 முதல் லேபிளில் அதையும் குறிப்பிட்டாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்டியலில் 14 இருக்கின்றன. கடுகு, செலரி, லூப்பின் பருப்பு எல்லாம் அதில் வரும். லூப்பின் மாவு சில குளுட்டன் (கோதுமையில் உள்ள பசைப் புரதம்) இல்லாத மாவுக் கலவைகளில் சேர்க்கப்படுகிறது. வேர்க்கடலை ஆகாத சிலருக்கு லூப்பினும் ஆகாது. வேறு பொருளைப் பார்த்து வாங்கிய பையில் இது ஒளிந்திருந்தால் யார் கவனிப்பார்கள்?

முட்டையின் இடத்துக்கு வரும் நால்வர்

கேக்கில் முட்டை மாவைப் பிடித்து நிறுத்துகிறது, எழுப்புகிறது, ஈரம் தருகிறது. மூன்றையும் ஒருசேரச் செய்யும் மாற்று எதையும் நான் இதுவரை பார்த்ததில்லை. அதனால் எதைச் செய்யப் போகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் தேர்வு.

ஆளிவிதைப் பொடி ஒரு மேசைக்கரண்டி, தண்ணீர் மூன்று மேசைக்கரண்டி. கலந்து பத்து, பதினைந்து நிமிடம் வைத்தால் கொழகொழவென்று வரும். ஒரு முட்டைக்கு இது ஈடு. குக்கீயிலும் மஃபினிலும் நன்றாகப் பிடித்து நிற்கும். மென்மையான வெள்ளைக் கேக்கில் போட்டால் கனத்துப்போய், பழுப்புப் புள்ளிகளும் தெரியும்; அதை எடுத்துப் பார்த்துவிட்டுத் தட்டில் திரும்ப வைக்கும் குழந்தைகள் உண்டு.

ஆப்பிள் கூழோ மசித்த வாழைப்பழமோ கால் கப் போட்டால் ஈரம் கிடைக்கும், எழும்பாது. கூடவே அரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர் வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் களி மாதிரி இருக்கும். வாழைப்பழத்தின் மணம் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். ரப்பர் மரத்துப் பால் (லேடெக்ஸ்) அலர்ஜி உள்ள சிலருக்கு வாழைப்பழமும் சேராது என்பது பலருக்குத் தெரிவதில்லை.

மூன்றாவது, கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீர். முட்டை வெள்ளைக்கரு போல இது நுரைத்து வரும் என்று 2014இல் எழுதிக் காட்டியவர் ஜோயல் ரோசெல் என்ற பிரெஞ்சு இசைக்கலைஞர். அடுத்த ஆண்டு கூஸ் வோல்ட் என்ற அமெரிக்கர் அதற்கு அக்வாஃபாபா என்று பெயர் வைத்தார். மூன்று மேசைக்கரண்டி ஒரு முட்டைக்குச் சமம். நுரை என்று வந்தால் மற்றவை எதுவும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் கொண்டைக்கடலையும் வேர்க்கடலையும் ஒரே தாவரக் குடும்பம். வேர்க்கடலை ஆகாதவர்களில் பெரும்பாலோர் கொண்டைக்கடலை சாப்பிடுகிறார்கள், சிலரால் முடிவதில்லை. அந்தக் குழந்தை எந்தப் பக்கம் என்பது அதன் பெற்றோருக்குத்தான் தெரியும்.

கடையில் கிடைக்கும் ‘முட்டை மாற்று’ விஷயத்தில்தான் எனக்குப் பயம் அதிகம். அந்தப் பெயரில் இரண்டு விதமான சரக்கு விற்கிறது. மாவுச்சத்தில் செய்த பொடி ஒன்று. அதில் முட்டை இல்லை. பெட்டியில் திரவமாக வருவது இன்னொன்று. கொழுப்பைக் குறைக்க நினைப்பவர்களுக்காகச் செய்தது அது, பெரும்பாலும் முட்டையின் வெள்ளைக்கருவேதான். பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் முட்டை ஆகாத குழந்தைக்கு முட்டையையே கொடுத்ததாகிவிடும்.

“நன்றாக வெந்துவிட்டால் முட்டை ஒன்றும் செய்யாதாமே?” என்று கேட்பவர்கள் உண்டு. பாதி உண்மை. முட்டையில் உள்ள ஓவால்புமின் என்ற புரதம் சூட்டில் உருக்குலைந்துவிடும், ஓவோமியூகாய்டு என்ற இன்னொரு புரதம் தாங்கி நிற்கும். அதனால் ஆம்லெட் ஆகாத குழந்தைகள் பலர் கேக்கில் வெந்த முட்டையைத் தாங்குகிறார்கள், வேறு சிலரால் முடிவதில்லை. யார் எந்த வகை என்பதை மருத்துவர் தம் கண்முன்னே கொடுத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். வகுப்பறைத் தட்டில் வைத்து அந்தச் சோதனை செய்யக் கூடாது.

மாற்றே தேவைப்படாத கேக்

வெண்ணெயும் முட்டையும் கிடைக்காத பஞ்ச காலத்தில் மக்கள் செய்து சாப்பிட்ட கேக் ஒன்று உண்டு. மைதா ஒன்றரை கப், சர்க்கரை ஒரு கப், கோகோ கால் கப், பேக்கிங் சோடா ஒரு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. இவற்றைக் கலந்து, மணமில்லாத எண்ணெய் ஐந்து மேசைக்கரண்டி, வினிகர் ஒரு மேசைக்கரண்டி, வனிலா ஒரு தேக்கரண்டி, தண்ணீர் ஒரு கப் ஊற்றிக் கட்டியில்லாமல் கிளறி, உடனே 175 டிகிரி செல்சியஸில் முப்பது, முப்பத்தைந்து நிமிடம் சுட வேண்டும். சோடாவும் வினிகரும் சேர்ந்தவுடன் கார்பன் டை ஆக்ஸைடு வாயு கிளம்பும். மைதாவின் குளுட்டனும் வெந்த மாவுச்சத்தும் அந்தக் குமிழிகளைப் பிடித்து நிறுத்திவிடும். கலந்து வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனால் வாயு தப்பிவிடும், கேக் தட்டையாகிவிடும். கவனிக்க வேண்டியது அது ஒன்றுதான்.

முட்டை, பால், வெண்ணெய், கொட்டை எதுவுமே இதன் செய்முறையில் கிடையாது. எதற்கு எது ஈடு என்ற கணக்கே எழவில்லை. லேபிள் படிக்க வேண்டிய பொருள்களும் குறைவு. ஆளிவிதை கேக்கையும் இதையும் அருகருகே வைத்தால் குழந்தைகளின் கை இதை நோக்கித்தான் போகிறது. மென்மையிலும் இதுவே முந்துகிறது. முட்டைக்கும் பாலுக்கும் என் முடிவு இதுதான்: எந்த மாற்றையும் விட, அந்தப் பொருளையே கேட்காத செய்முறை மேல்.

கோதுமையும் ஆகாத குழந்தை வகுப்பில் இருந்தால் இந்தக் கேக் உதவாது. அப்போது நான் கேக்கையே கைவிட்டுவிடுவேன். குளுட்டனும் இல்லை, முட்டையும் இல்லை என்றால் குமிழியைப் பிடித்து நிறுத்த ஆளே இல்லை. பசையும் பொடியும் சேர்த்து மல்லுக்கட்டுவதைவிட, எழும்பவே தேவையில்லாத ஓட்ஸ் சதுரங்கள் செய்வது நல்லது. ஓட்ஸ் வயலிலும் ஆலையிலும் கோதுமையோடு கலந்துவிடுவது வழக்கம். அதனால் குளுட்டன் இல்லை என்று சான்று போட்ட ஓட்ஸ்தான் வேண்டும். அதற்குப் பல நாடுகளிலும் வரம்பு பத்து லட்சத்தில் 20 பங்கு. இன்னொரு நுணுக்கம்: குளுட்டன் நீக்கிய கோதுமை மாவுச்சத்து சேர்த்த பொருள்களையும் குளுட்டன் இல்லாதவை என்று விற்க முடியும். குளுட்டனால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய் உள்ள குழந்தைக்கு அது சரி. கோதுமை அலர்ஜி உள்ள குழந்தைக்கு அந்த வார்த்தை மட்டும் போதாது.

பால் பக்கம்

இங்கே நீட்டிச் சொல்ல எதுவும் இல்லை. பாலுக்குத் தண்ணீர், வெண்ணெய்க்கு எண்ணெய். இவை இரண்டும் கைகொடுக்கும் செய்முறையாக எடுங்கள். வெண்ணெய்க்குப் பதிலாக விற்கும் மார்ஜரின் பலவற்றில் மோர்ப் புரதம் என்ற பால் புரதம் இருக்கிறது. லாக்டோஸ் நீக்கிய பாலில் புரதம் முழுதாக அப்படியே இருக்கிறது. அது வயிற்றுக்குச் சேராதவர்களுக்கானது, அலர்ஜிக்கானது அல்ல. நெய்யிலும் புரதம் கொஞ்சம் ஒட்டியிருக்கும். மேலே தூவ டார்க் சாக்லேட் வாங்குவோர் கவனிக்க: லேபிளின் சேர்மானத்தில் பால் என்று இல்லாத 88 டார்க் சாக்லேட் கட்டிகளை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சோதித்தபோது 51இல் பால் இருந்தது.

சூரியகாந்தியா, பூசணி விதையா

வேர்க்கடலை வெண்ணெய்க்குப் பதிலாகச் சூரியகாந்தி விதை வெண்ணெய் பிரபலம். சுவையிலும் பிடிப்பிலும் அதுதான் மிக அருகில் வரும். முதல்முறை செய்தபோது, ஆறிய குக்கீயைப் பிட்டுப் பார்த்தால் உள்ளே பச்சை. பூஞ்சை என்று நினைத்து ஒரு தட்டு முழுவதையும் கொட்டிவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, அந்த விதையில் உள்ள குளோரோஜெனிக் அமிலம் சோடாவின் காரத்தோடு சேர்ந்து பச்சையாகிறது, சாப்பிட ஒரு கெடுதலும் இல்லை. சோடாவைக் குறைத்து ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டால் நிறம் மாறாது. பூசணி விதை வெண்ணெய் பச்சையாகவே இருக்கும், கொஞ்சம் கசக்கும், குழந்தைகளிடம் எடுபடவில்லை.

சுவையில் சூரியகாந்தி ஜெயித்தாலும் வகுப்புக்கு அதை நான் எடுத்துப் போவதில்லை. பார்க்கவும் முகரவும் அது வேர்க்கடலை போலவே இருக்கிறது. வேர்க்கடலை வாசனை வந்தால் விலகிப்போ என்று பழக்கியிருக்கும் ஆறு வயதுக் குழந்தையிடம் போய், இது அதுவல்ல, தைரியமாகச் சாப்பிடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாளைக்கு உண்மையான வேர்க்கடலையை யாராவது நீட்டினால்?

வீட்டில் செய்ததா, சீல் உடைக்காத பாக்கெட்டா

இந்தக் கேள்வியில் என் மனம் மாறியதற்கு ஒரு தாய் காரணம். பொருள்களையெல்லாம் பார்த்துப் பார்த்து வாங்கிச் செய்திருந்தேன். அவர் நன்றி சொல்லிவிட்டு மெதுவாகச் சொன்னார்: “நீங்க செஞ்சத குறை சொல்லலைங்க. ஆனா உங்க வீட்டு மரக்கரண்டி எனக்குத் தெரியாதுல்ல.”

அவர் சொன்னது சரி. மரக்கரண்டியின் வெடிப்பிலும், சல்லடைக் கண்ணியிலும், பழைய கேக் தட்டின் மூலையிலும் போன வாரத்துப் பாதாமும் வெண்ணெயும் இருக்கும். கையும் அப்படித்தான். வேர்க்கடலை வெண்ணெய் பட்ட கையைக் கிருமிநாசினி ஜெல் சுத்தம் செய்வதில்லை என்று 2004இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. வெறும் தண்ணீரிலும் சிலர் கையில் மிச்சம் இருந்தது. சோப்பும் ஈரத் துடைப்பானும்தான் நீக்கின. அடுப்பின் சூடு பார்த்துக்கொள்ளும் என்றும் விட முடியாது. வேர்க்கடலைப் புரதம் சூட்டில் அழிவதில்லை.

பாக்கெட்டும் முழுக் காவல் இல்லை. ‘இன்னின்னது கலந்திருக்கலாம்’ என்ற எச்சரிக்கை பல நாடுகளில் தயாரிப்பாளர் விருப்பப்பட்டுப் போடுவதுதான். அது இல்லை என்பதால் கலப்பு இல்லை என்று ஆகிவிடாது. இருந்தாலும் லேபிளை ஆசிரியரும் பெற்றோரும் தாங்களே படிக்க முடிகிறது. என் கேக்குக்கு என் வாய்வார்த்தைதான் லேபிள்.

அதனால் இப்படி வைத்திருக்கிறேன். ஒருமுறை மூச்சுத்திணறல் வரை போன குழந்தை வகுப்பில் இருந்து, நம் சமையலறையில் தினமும் அந்தப் பொருள் புழங்குகிறது என்றால், சீல் வைத்த பாக்கெட்டோ கழுவிய முழுப் பழமோதான். அலர்ஜி லேசானது, பெற்றோரும் சம்மதம் என்றால் அந்தக் கோகோ கேக். சம்மதம் கேட்கும்போது, ஒவ்வொரு பாக்கெட்டின் பின்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பிவிடுவேன், செய்வதற்கு மூன்று நாள் முன்பே. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பதில்லை.

சம்மதம் வந்த பிறகு சோப்புப் போட்டுக் கழுவிய உலோகக் கரண்டி, புதிதாய்க் காகிதம் விரித்த தட்டு, அன்று வீட்டில் வேறு சமையல் இல்லை. துண்டுகளை வீட்டிலேயே வெட்டி மூடிய டப்பாவில் வைத்துவிடுவேன். வகுப்பில் வேறொரு கேக்கை வெட்டிய கத்தி இதைத் தொடக் கூடாது. மாவு, கோகோ, எண்ணெய் என்று எல்லா உறைகளையும் மறுநாள் மாலை வரை எறியாமல் வைத்திருப்பேன். அந்தக் குழந்தைக்கு உடம்பில் ஏதாவது தெரிந்தால் என்ன சாப்பிட்டது என்று மருத்துவர் கேட்பார். அப்போது என் நினைவிலிருந்து சொல்லாமல் உறையையே நீட்ட முடியும்.